நாலு புள்ளி லயம்

ஹட்டன் பஸ் நிலையத்தில் நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது பங்குனி வெயில் சுள்ளென்று அடித்தது. சிவனொளிபாதமலை சீசன் இன்னும் முடியவில்லை. வெள்ளை உடுத்த யாத்திரீகர்கள் மஸ்கெலியா பஸ்களை நிரப்பிக்கொண்டு போனார்கள். நோட்டன் பஸ்ஸில் ஏறியவர்கள் பெரும்பாலும் டவுனுக்குச் சாமான் வாங்க வந்தவர்கள். உரப்பையில் அரிசி, ஒரு பொட்டலம் கருவாடு, கடதாசியில் சுற்றிய பள்ளிக்கூடச் சப்பாத்து. என் மடியில் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. நீளம் 10, அகலம் 10, உயரம் 11 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூட. உள்ளே ஒரு கிலோ சீனி. அந்த அளவுப் பெட்டியை ஒரு கிலோ சீனி ஏறக்குறைய விளிம்புவரை நிரப்பிவிடும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கேக்கா?" என்றார்.

"செய்மதிங்க. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு மாதிரி."

"டீவிக்கு வைக்கிறதா?"

கேள்வி சரியானதுதான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் தகரக் கூரைகளில் வட்டத் தட்டுகள் வரிசையாக வானத்தைப் பார்த்து நிற்கின்றன. செய்மதி என்ற சொல் மலையகத்தில் முதலில் காலூன்றியது அந்தத் தட்டோடுதான். நான் கொண்டுபோனது வேறு வகை என்று சொன்னேன். இலங்கையின் முதல் ஆராய்ச்சிச் செய்மதியான ராவணா-1 இந்தப் பெட்டியளவுதான், எடையும் இவ்வளவுதான். அந்த அம்மா பெட்டியைக் கையில் வாங்கி, கொழுந்து நிறுத்துப் பழகிய கையால் ஒருதரம் தூக்கிப் பார்த்து, "ஒரு கிலோ இருக்கும்" என்றார்.

டிக்கோயா தாண்டியதும் வீதி காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஓரமாக வளைகிறது. தண்ணீர் இறங்கி, கரையில் செம்மண் ஒரு பட்டையாகத் தெரிந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொட்டிய மழைக்குப் பிறகு இந்தப் பக்கம் நான் வருவது இதுதான் முதல் தடவை. மலைகளின் பச்சைக்கு நடுவே ஆங்காங்கே நகத்தால் கீறியதுபோல் மண் நிறம். சில இடங்களில் வீதியின் ஒரு பாதியைக் காணவில்லை. பஸ் அங்கே வேகத்தைக் குறைத்து உள்பக்கமாக ஒதுங்கிப் போயிற்று. பஸ்ஸுக்குள் யாரும் பேசவில்லை. வளைவு தாண்டியதும் பேச்சு மறுபடி தொடங்கியது.

நோட்டன் பிரிட்ஜ் சின்ன ஊர். சில கடைகள், கோயில், பன்சலை, பொலிஸ் நிலையம், கெஹெல்கமு ஓயாவை மறித்து நிற்கும் அணை. இங்குள்ள விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் பெயர் தந்த டி. ஜே. விமலசுரேந்திர, இந்த மலையாறுகளிலிருந்து நாடு முழுவதற்கும் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918-இலேயே கணக்குப் போட்டுக் கட்டுரை வாசித்த பொறியியலாளர். லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950-இல். ஒரு கணக்கு கொங்கிறீட்டாக மாற 32 ஆண்டுகள். அணையைப் பார்த்தபடி நடக்கும்போது அந்த இடைவெளியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு மேலே ஏழு கன்னிமலை. வரிசையாக ஏழு முகடுகள். காலையில் மட்டும்தான் முழுசாகத் தெரியும், மதியத்துக்குப் பிறகு மேகம் ஏறிவிடும். 1974 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு, சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்க வழியாக ஜித்தாவுக்குப் போகவிருந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம் அந்த முகடுகளில் ஒன்றில் மோதியது. உள்ளே இருந்தவர்கள் 191 பேர். அவர்களில் 182 பேர் ஹஜ் பயணம் புறப்பட்ட இந்தோனேசிய யாத்திரீகர்கள். ஒருவரும் மிஞ்சவில்லை. விமான நிலையத்தை நெருங்கிவிட்டோம் என்று விமானிகள் தவறாகக் கணித்துக் கீழே இறங்கினார்கள், எதிரே இருட்டில் மலை. அந்த விமானத்தின் டயர் ஒன்று நோட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னமாக இன்னும் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் சூடாக இருந்தது.

நாம் எங்கே இருக்கிறோம் என்று வானத்திலிருந்து சொல்லும் முதல் ஜிபிஎஸ் செய்மதி ஏவப்பட்டது 1978-இல். நாலே ஆண்டு பிந்திவிட்டது. இன்று எங்கள் பஸ் சாரதியின் கைபேசிக்குக்கூடத் தான் நிற்கும் வளைவு எது என்று தெரியும்.

என் சித்தப்பா மகள் இந்தப் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் விஞ்ஞான ஆசிரியை. "அண்ணே, எங்க பிள்ளைங்களுக்கு வந்து செய்மதியப் பத்திப் பேசுங்க, புத்தகத்துல ஒரே ஒரு படம்தான் இருக்கு" என்று போன வருஷத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் தரத்தில் இருபத்தாறு பிள்ளைகள். ஜன்னல் வழியே கவ்வாத்து வெட்டிய மலை, அதற்குக் கீழே பெரட்டுக்களம், அதற்கும் கீழே லயங்கள். பெட்டியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்கினேன்.

ராவணா-1-ஐ உருவாக்கியவர்கள் இரண்டு இளம் பொறியியலாளர்கள்: தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா. மொரட்டுவை கட்டுபெத்தையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நவீன தொழில்நுட்ப நிறுவகத்தின் சார்பில், ஜப்பானின் கிடகியூஷு நகரில் இருக்கும் கியூஷு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போய், படிப்போடு படிப்பாக அதை வடிவமைத்துக் கட்டினார்கள். அந்தப் பல்கலைக்கழகம் 'பேர்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு திட்டம் நடத்துகிறது. சொந்தமாக ஒரு செய்மதிகூட அனுப்பியிராத நாடுகளின் மாணவர்களைக் கூப்பிட்டு, முதல் செய்மதியை அவர்கள் கையாலேயே செய்ய வைக்கும் திட்டம் அது. மூன்றாவது தொகுதியில் இலங்கை, நேபாளம், ஜப்பான் மூன்றும் உடன்பிறப்புகள்போல ஒரே மாதிரி மூன்று பெட்டிகள் செய்தன. நேபாளத்தின் பெட்டிக்கு நேபாளிசாட்-1, ஜப்பானின் பெட்டிக்கு உகுயிசு என்று பெயர்.

2019 ஏப்ரல் 17-ஆம் தேதி அமெரிக்காவின் வர்ஜீனியாக் கரையிலிருந்து ஆண்டாரிஸ் ரொக்கெட்டில், விண்வெளி நிலையத்துக்குப் போகும் சாமான்களோடு சாமானாக அது கிளம்பியது. நாலு நாள் கழித்து உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்தன. அந்த வாரத்துப் பத்திரிகைகளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் தாள்களில் ராவணா-1 இருக்கிறது, பிறகு இல்லை. வேறு எதையும் எழுத யாருக்கும் மனம் வராத நாட்கள் அவை. ஜூன் 17-ஆம் தேதி விண்வெளி நிலையத்தின் ஜப்பானியக் கூடமான கிபோவிலிருந்து மூன்று பெட்டிகளும் ஒன்றாக வெளியே விடப்பட்டன. தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். ஹட்டனிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீதியால் போகும் தூரத்தை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் ஏறக்குறைய வரும் உயரம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றியது.

"அதுல கமெரா இருந்திச்சா சேர்?"

இருந்தது. இலங்கையையும் சுற்றியுள்ள பகுதிகளையும் படம் எடுப்பது அதன் முதல் வேலை. காந்தப்புலத்தைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நிற்கப் பழகுவது இன்னொன்று. சூரியத் தகடுகளை ஒட்டும் ஒரு பசை விண்வெளியைத் தாங்குமா என்று பார்ப்பது வேறொன்று. லோரா என்ற, மிகக் குறைந்த மின்சாரத்தில் மிகத் தூரம் போகும் வானொலி முறையைச் சோதிப்பது மற்றொன்று. இந்தக் கடைசி வேலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், இந்த மலைகளுக்கு அதுதான் முக்கியம் என்றேன்.

அப்போதுதான் இரண்டாவது வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "அது எங்க லயத்தப் பார்த்திருக்குமா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, வந்த பிறகு அதை விட்டுப் போகவும் முடியவில்லை. ராவணாவின் சின்னக் கமெராவுக்கு லயம் ஒரு தூசியாகக்கூடத் தெரிந்திருக்காது. அதைவிடப் பன்மடங்கு கூரிய கண்ணை வைத்துக் கணக்குப் பார்ப்போம் என்று சோக்கட்டியை எடுத்தேன். ஐரோப்பியர்களின் சென்டினல்-2 செய்மதிகள் ஐந்து நாளுக்கு ஒருமுறை இந்த மலைகளைப் படம் எடுக்கின்றன. அந்தப் படங்களை உலகில் யாரும் காசில்லாமல் எடுத்துப் பார்க்கலாம். ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் லயத்தில் ஒரு காம்பரா எவ்வளவு? "பத்துக்குப் பன்னெண்டு அடி" என்று வகுப்பே சொன்னது. பன்னிரண்டு காம்பரா ஒரே வரிசையில் உள்ள லயத்தின் நீளம்? 120 அடி, அதாவது ஏறக்குறைய 36 மீட்டர். அப்படியானால் எத்தனை புள்ளி?

"நாலு" என்றாள் கேட்ட பிள்ளையே.

நாலு புள்ளி. அதிலும் லயத்தின் அகலம், இஸ்தோப்பையும் சேர்த்து, ஒரு புள்ளியின் பாதிக்குத்தான் வரும். மீதிப் பாதி தேயிலை. பன்னிரண்டு குடும்பங்கள், அவர்களுடைய அடுப்பு, கோழி, சாமி படம், பாடப் புத்தகம் எல்லாம் நாலு புள்ளிக்குள் தேயிலைப் பச்சையோடு கலந்துவிடுகின்றன. தங்கச்சி தன் கைபேசியில் அந்தப் படத்தை எடுத்துக் காட்டினாள். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு தங்கள் நாலு புள்ளியைத் தேடினார்கள். கோயிலை வைத்து, வீதி வளைவை வைத்து, ஓயாவை வைத்து, கடைசியில் கண்டுபிடித்தும் விட்டார்கள். அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சாம்பல் நிறப் புள்ளிகள் லயம், தெரியாதவர்களுக்கு மலையின் ஒரு நிறமாற்றம். செய்மதிப் படத்தை வாசிக்கும் வேலையில் இந்தப் பிள்ளைகள் இருக்கவேண்டும் என்று நான் உறுதியாக நினைப்பது அதனால்தான்.

பின் வாங்கிலிருந்த பையன் வேறு திசையில் போனான். "இப்ப அது எங்க சேர் இருக்கு?"

இல்லை. 400 கிலோமீட்டரிலும் காற்று முழுசாக அற்றுப் போய்விடுவதில்லை. மிக மெல்லிய அந்தக் காற்று நாளுக்கு நாள் பிடித்து இழுக்க, ஏறக்குறைய 13,000 சுற்றுகள் சுற்றியபின் 2021-இன் பிற்பகுதியில் ராவணா-1 வளிமண்டலத்துக்குள் இறங்கி எரிந்துபோனது. ஆனால் சின்னச் செய்மதிகளில் பல விழுவதற்கு முன்பே ஊமையாகிவிடுகின்றன. அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று கதிர்வீச்சு.

இங்கே நான் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். சூரியனிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் புரோத்தன்களும் இலத்திரன்களும் கண்ணுக்குத் தெரியாத மழைபோல வந்துகொண்டே இருக்கின்றன. பூமியின் காந்தப்புலம் அவற்றைத் திருப்பிவிடுகிறது, கொஞ்சத்தைப் பூமியைச் சுற்றிய வளையங்களில் பிடித்தும் வைத்துக்கொள்கிறது. அந்த வளையங்களைக் கண்டுபிடித்ததும் ஒரு சின்னச் செய்மதிதான். 1958 ஜனவரி 31-இல் போன எக்ஸ்புளோரர்-1, அமெரிக்காவின் முதல் செய்மதி, எடை 14 கிலோ. ஜேம்ஸ் வான் அலன் அதில் ஒரு கைகர் எண்ணியை வைத்திருந்தார். உயரே போகும்போது எண்ணி திடீரென்று மௌனமாகிவிட்டது. கருவி பழுது என்று முதலில் தோன்றிற்று. உண்மையில் துகள்கள் எண்ண முடியாத அளவுக்குக் கொட்டியதால் எண்ணி திக்குமுக்காடி நின்றிருந்தது. அந்த மௌனத்திலிருந்துதான் வான் அலன் பட்டைகள் உலகுக்குத் தெரியவந்தன. விஞ்ஞான வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

ஒரு துகள் சிப்புக்குள் பாய்ந்தால், நினைவகத்தில் ஒரு 0 சத்தமில்லாமல் 1 ஆகிவிடலாம். சிலவேளை சிப்புக்குள்ளேயே மின்சாரம் குறுக்குவழி பிடித்துவிடும். உடனே இணைப்பைத் துண்டிக்காவிட்டால் அது கருகிப்போகும். 'பேர்ட்ஸ்' திட்டத்தின் முதல் தொகுதிச் செய்மதிகள் இந்தக் குறுக்குவழி எத்தனை தடவை நேர்கிறது என்று அளப்பதையே ஒரு வேலையாக எடுத்துப் போயின. தென் அத்திலாந்திக்குக்கும் பிரேசிலுக்கும் மேலே காந்தக் காப்பு மெலிந்து, அந்தத் துகள் வளையம் பள்ளத்தில் இறங்குவதுபோலக் கீழே இறங்குகிறது. ராவணா-1 ஒவ்வொரு நாளும் சில தடவை அந்தப் பள்ளத்தைக் கடந்தது.

நமக்கு மேலே எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்லத்தான் நான் ஆசையோடு வந்திருந்தேன். விண்கதிர்களுக்கு எதிரான காந்தக் காப்பு உலகிலேயே மிகப் பலமாக இருப்பது நம் பக்கத்தில்தான், தெற்காசியாவுக்கும் அதற்குக் கிழக்கே உள்ள நாடுகளுக்கும் மேலே. ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்று ஒரு நிலையம் இருக்கிறது. விண்கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான்களை எண்ணும் 560 சதுர மீட்டர் பரப்புள்ள தொலைநோக்கி. 2015 ஜூன் 22-ஆம் தேதி சூரியப் புயல் ஒன்று வந்து மோதியபோது, சுமார் இரண்டு மணி நேரம் மியூவான்கள் பெருகியதை அது பதிவுசெய்தது. அந்த நேரத்தில் பூமியின் காந்தக் காப்பு சற்று நெகிழ்ந்துபோயிருந்தது என்று கணக்கிட்டார்கள். காப்பு மிகப் பலமான இடத்தில் உட்கார்ந்தபடி அது அந்த நெகிழ்வைப் பிடித்தது.

ஊட்டி என்றதும் வகுப்பில் பாதிக்கு மேல் தலை நிமிர்ந்தது. எல்லார் வீட்டிலும் அங்கே ஒரு சொந்தம் இருக்கிறது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட, தோட்டத்து மக்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தின்படி, என் பெரியப்பா குடும்பமும் கப்பலேறி நீலகிரிக்குப் போயிற்று. அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் இங்கே செய்த அதே வேலை: கொழுந்து, கவ்வாத்து, கான் வெட்டு. மியூவான்களை எண்ணும் மலையில் என் அக்காமார் கொழுந்து எடுத்தார்கள். அந்த நிலையத்தைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை என்று பின்னாளில் தெரிந்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அதனால்தான் இந்தப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லாமல் என்னால் போக முடியவில்லை.

இன்னொரு கதையும் சொன்னேன். இந்தியாவில் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள், மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் பள்ளிப் பிள்ளைகள் உட்பட, சின்னச் சின்னப் பகுதிகளைச் செய்ய, சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா நிறுவனம் அவற்றை ஒன்றாகக் கோத்தது. ஆசாதிசாட் என்று பெயர், எடை 8 கிலோவளவு. கதிர்வீச்சை எண்ண ஒரு கருவி, தன்னையே படம் எடுக்க ஒரு கமெரா, தூரம் போகும் லோரா வானொலி. 2022 ஆகஸ்ட் 7-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ரொக்கெட் அதைச் சரியான பாதையில் விடத் தவறியது. அந்தப் பிள்ளைகளின் வேலை அன்றே போயிற்று. மறுபடி செய்தார்கள். 2023 பெப்ரவரி 10-இல் ஆசாதிசாட்-2 சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தது.

சின்னது என்பதால் அற்ப ஆயுள் என்றும் இல்லை. அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2001 அக்டோபர் 22-இல் ஐரோப்பியர்களின் புரோபா-1 போயிற்று, 94 கிலோ. தரையைப் பல நிறங்களில் பிரித்துப் பார்க்கும் கமெரா ஒன்று, கதிர்வீச்சை அளக்கும் கருவி ஒன்று. இரண்டு ஆண்டு உழைத்தால் போதும் என்று அனுப்பினார்கள். இருபது ஆண்டு தாண்டியும் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

மணியடித்த பிறகும் பிள்ளைகள் போகவில்லை. பிறகு சொல்கிறேன் என்ற லோராவைக் கேட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே காட்டினேன். அந்தச் சரிவில் மண் நகர்கிறதா, மண்ணுக்குள் ஈரம் எவ்வளவு என்று அளக்கும் ஒரு கருவியைப் புதைத்து வைத்தால், அதன் செய்தி சில எழுத்துகள்தான் வரும். கைபேசிக் கோபுரம் சாய்ந்து, மின்கம்பம் விழுந்து, வீதி அறுந்த இரவிலும், சின்ன மின்கலத்தில் ஓடும் அந்தக் கருவி மேலே போகும் ஒரு கிலோப் பெட்டிக்குத் தன் நாலு எழுத்தை அனுப்பிவிட முடியும். ராவணா-1 சோதித்துப் பார்த்தது அந்த வழியைத்தான். கமெராவுக்கு மேகம் மறைப்பு. இந்தப் பக்கத்து வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, மண் சரியும் நாட்களில் வானம் திறப்பதே இல்லை. ராடார் மேகத்தைத் துளைக்கும். 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செய்மதியின் 24 சென்டிமீட்டர் அலை, இலைகளையும் ஊடுருவித் தரை சில சென்டிமீட்டர் நகர்ந்ததைக்கூடக் காட்டும். ஆனால் அது ஓர் இடத்துக்குத் திரும்பி வர 12 நாள். எடை 2,392 கிலோ. அதற்கு உலகம் முழுவதும் வேலை இருக்கிறது. இந்தச் சரிவைக் கேட்பதற்கென்றே ஒரு பெட்டியை இந்த நாடு செய்ய வேண்டும், அதைச் செய்யக் கற்றவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். இரண்டு பேர் படிக்கப் போய்ச் செய்துகாட்டிவிட்டார்கள்.

2014 அக்டோபர் 29-ஆம் தேதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது நான் ஒரு பத்திரிகைக்காக அங்கே போயிருந்தேன். அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. சொன்னது கடதாசியில் இருந்தது, ஆட்கள் லயத்தில் இருந்தார்கள். செய்மதி பற்றி எழுதும்போதெல்லாம் எனக்குள் கிடப்பது அந்தக் காலைதான்.

சாயந்தரம் சித்தி வீட்டுக்குப் போனேன். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதாப்பா?" என்று கோபித்துக்கொண்டே தேங்காய் ரொட்டி சுட்டார். சித்தி தோட்டத்தில் பேர் போட்டு வேலைசெய்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். ஏழு கன்னிமலை விமானத்தைப் பற்றிக் கேட்டேன். அப்போது அவருக்குப் பத்து வயது. "ராத்திரி பத்து மணி இருக்கும். இடி மாதிரி ஒரு சத்தம், லயமே நடுங்கிச்சு. காலையில ஆம்பளைங்க எல்லாம் மலையேறிப் போனாங்க. அப்பா திரும்பி வந்து ரெண்டு நாள் சாப்பிடல." அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இருட்டியதும் விண்வெளி நிலையம் தெற்குப் பக்கமாகக் கடக்கும் நேரத்தைக் கைபேசியில் பார்த்து வைத்திருந்தேன். சிவனொளிபாதமலை இருக்கும் திசை. 1956 முதல் சாகும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலில் இந்தத் தீவைப் பூமத்தியரேகைக்கு நகர்த்தி, அந்த மலையை மனதில் வைத்துத்தான் வானத்துக்குப் போகும் மின்தூக்கியை நட்டார். தங்கச்சி, சித்தி, பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் எல்லாரும் முற்றத்தில் வந்து நின்றோம். நிலையம் நேரத்துக்கு வந்திருக்கும். நாங்கள் பார்த்தது மேகத்தின் அடிப்பக்கத்தை மட்டும். பத்து நிமிடத்தில் மழை இறங்கியது. பங்குனி மழைக்கே உரிய இடியும் மின்னலும், தகரத்தில் பேச்சுக் கேட்காத சத்தம். சித்தி இரண்டு தடவை எழுந்து போய்க் கதவைத் திறந்து பின்பக்க மண் திட்டைப் பார்த்துவிட்டு வந்தார். டித்வாவுக்குப் பிறகு இப்படித்தான் என்றாள் தங்கச்சி.

விடியற்காலையில் அவளோடு பள்ளிக்குப் போனேன். முற்றத்து மூலையில் ஒரு கம்பத்தில் மழைமானி. நேற்று லயத்தைப் பற்றிக் கேட்ட பிள்ளை எங்களுக்கு முன்பே வந்து நின்றாள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் கவனம், 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவுகளை அவள் ஒப்பித்தாள். கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து, கோட்டை இரண்டு தடவை பார்த்து, கொப்பியில் தேதி போட்டு 58 என்று எழுதினாள். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழாயைத் துடைத்து, மறுபடி கம்பத்தில் மாட்டினாள்.

"இத அந்தப் பெட்டி எடுத்துக்கிட்டுப் போகுமா சேர்?"

"எந்த எண்ணையும் எடுத்துக்கிட்டுப் போகும். 58-க்கு ரெண்டே ரெண்டு எழுத்துதான்."

அட்டைப் பெட்டியை அவளிடமே கொடுத்தேன். சீனியைச் சித்தி ராத்திரியே தனியாக எடுத்து வைத்துவிட்டிருந்தார். வெறும் பெட்டியின் ஒரு பக்கத்தில் அவள் பேனையால் ஒரு சதுரம் வரைந்து, "இங்க கமெரா" என்றாள். அடுத்த பக்கத்தைத் திருப்பி யோசித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.